டிஸ்க் நிரம்பியது, தரவுத்தளம் நின்றது

கிளவுட் சர்வரில் ஓடிக்கொண்டிருந்த எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் திடீரென்று நின்றுவிட்டது. லாக் கோப்பின் கடைசி வரிகளில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்றிருந்தது. டிஸ்க்கில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 100 சதவீதம் காட்டியது.

அட்டவணைகள்தான் பெருத்திருக்கும் என்று நினைத்தோம். டியூ கட்டளையால் ஒவ்வொரு கோப்புறையாக அளந்தபோது, இடத்தை அடைத்திருந்தது, தரவு மாற்றங்களின் பதிவுகள் இருக்கும் பிஜி_வால் கோப்புறை என்று தெரிந்தது. உள்ளே 16 எம்பி கோப்புகள், 24 எழுத்துப் பெயர்களோடு, திரை திரையாக ஓடின.

"பழையவற்றை அழித்துவிடலாமே" என்றார் உடன் வேலை செய்பவர். கூடவே கூடாது என்று தடுத்தேன். எந்த மாற்றமும் முதலில் இங்கே எழுதப்பட்ட பிறகுதான் அட்டவணைக் கோப்புக்குப் போகிறது. நின்றுபோன தரவுத்தளம் மீண்டு எழுவதும் இவற்றைப் படித்துத்தான். இந்தக் கோப்புறைக்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். வெறும் லாக் என்று எண்ணிப் பலர் அழித்துத் தரவை இழந்ததால், 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள்.

முதலில் மூச்சுவிட இடம் வேண்டும். கிளவுட் பக்கத்தில் டிஸ்க்கைச் சற்றுப் பெரிதாக்கினோம். கூட்டிய டிஸ்க்கைப் பெரும்பாலும் குறைக்க முடியாது என்பதால் அளவோடுதான். அதன் பிறகும் டிஎஃப் 100-லேயே நின்றது. குரோபார்ட் கட்டளையால் டிஸ்க்கின் பிரிவான பார்ட்டிஷனையும், ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையால் அதன்மேலுள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையையும் நீட்டிய பிறகே புதிய இடம் கணக்கில் வந்தது. தரவுத்தளமும் எழுந்தது.

காரணம் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் பட்டியலில் கிடைத்தது. எப்போதோ நீக்கப்பட்ட நகல் சர்வரின் ஸ்லாட் (நகல் எதுவரை பெற்றிருக்கிறது என்ற குறிப்பு) ஒன்று, செயல்படாத நிலையில் அப்படியே இருந்தது. வராத நகலுக்காகத் தரவுத்தளம் ஒவ்வொரு கோப்பையும் பத்திரப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறது! வேறு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்று உறுதிசெய்துகொண்டு பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் மூலம் நீக்கினேன். செக்பாயிண்ட் (நிலுவையிலுள்ள மாற்றங்களை அட்டவணைக் கோப்புகளில் எழுதி முடிக்கும் கட்டளை) கொடுத்ததும் கோப்புகளைத் தரவுத்தளமே அகற்றத் தொடங்கியது.

13-ஆம் பதிப்பு முதல் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பு இருக்கிறது. இயல்பாக அதன் மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. அதற்கு ஒரு வரம்பு வைத்தோம். வரம்பைத் தாண்டிப் பின்தங்கும் நகலை மறுபடி உருவாக்க வேண்டிவரும். முதன்மைத் தரவுத்தளம் நிற்பதைவிட அந்த வேலை எனக்குப் பெரிதில்லை. டிஸ்க் அளவோடு, செயல்படாத ஸ்லாட்டுகளுக்கும் இப்போது எச்சரிக்கை வருகிறது.