தேங்காய்ப் பாலுக்கு ஒரு பெரிய சென்ட்ரிஃபியூஜ்

2011 டிசம்பரில் தானே புயல் கடலூரில் சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக வைத்த கன்றுகள் இப்போது நன்றாகக் காய்க்கின்றன. அந்தக் காய்களில் பால் பிழிந்து, அடுப்பில் ஏற்றாமலே எண்ணெய் எடுக்க வேண்டும் என்பது எங்கள் சிறு பட்டறையின் ஆசை. பாலை இரவு முழுவதும் வைத்திருந்தால் ஆடை தானாக மேலே வரும். ஆனால் இந்த ஊர் வெக்கையில் விடிவதற்குள் புளிப்பு வாடை ஏறிவிடுகிறது. அதனால்தான், வேகமாகச் சுழற்றிக் கனமானதையும் லேசானதையும் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் தேடினேன்.

சிப்காட் ரசாயன ஆலைகள் உள்ள ஊர் என்பதால் பழைய இரும்புக் கடையில், துளையிட்ட கூடை சுழலும் பெரிய சென்ட்ரிஃபியூஜே கிடைத்தது. "கழுவிக் கொடுக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி" என்றார் கடைக்காரர். அதில் முன்பு எதைச் சுற்றினார்கள் என்று அவருக்கே தெரியாது. சாப்பிடும் பொருளுக்கு அது வேண்டவே வேண்டாம். மேலும், துளையிட்ட கூடை திரவத்திலிருந்து கட்டியை வடிகட்டத்தான் உதவும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரிக்காது.

அடுத்து, பழைய வாஷிங் மெஷினின் துணி பிழியும் தொட்டி. ஆரம் 12 செ.மீ., நிமிடத்துக்குச் சுமார் 1350 சுற்று. கணக்குப் போட்டால் புவியீர்ப்பைப்போல் ஏறக்குறைய 245 மடங்கு வருகிறது. கால் லிட்டர் பால் புட்டி அப்போது அறுபது கிலோ கனத்தோடு சுவரை அழுத்தும். எதிரெதிர்ப் புட்டிகளில் பத்து கிராம் வேறுபாடு இருந்தாலே இரண்டரை கிலோ விசை, நொடிக்கு இருபது முறைக்கு மேல் தொட்டியை உதைக்கும். ஆகவே ஒவ்வொரு ஜோடியையும் தராசில் சமப்படுத்திய பிறகே வைத்தேன். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, தள்ளி நின்றுதான் சுவிட்சைப் போட்டேன். இதில் சோம்பலுக்கு இடமே இல்லை.

ஆடை அழகாகப் பிரிந்தது. ஆனால் புட்டி நிமிர்ந்து நிற்பதால் அடுக்குகள் பக்கவாட்டில் உருவாகின்றன: தண்ணீர் வெளிச்சுவர் ஓரம், ஆடை உட்பக்கம். மூடியைத் திறந்தால் பிரேக் பிடித்துத் தொட்டி சட்டென்று நிற்கும். அடுக்குகள் குலைந்து கலந்துவிடும். மூடியைத் தொடாமல், தானாக ஓய்ந்து நிற்க விட்டால் ஆடை மெல்லப் புரண்டு மேலே வந்து தங்குகிறது. அதை ஃபிரிட்ஜில் கல்லாக உறைய வைத்து, வெதுவெதுப்பான நீரில் இளக்கி, மீண்டும் சுற்றினால் மேலே தெளிந்த எண்ணெய்ப் படலம். துளிகளைப் பிரித்து வைத்திருக்கும் புரதப் போர்வை உறையும்போது கிழிவதுதான் காரணம். அந்த மணம்! துருவிய தேங்காயின் மணமே அப்படியே இருந்தது.

அளவு மட்டும் போதவில்லை. பெரிய தொட்டி தேடுவதைவிட, பால் ஓடிக்கொண்டே பிரியும் கருவி நல்லது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். 1878-இல் சுவீடனின் குஸ்தாவ் டி லாவால் அமைத்த பாலாடைப் பிரிப்பான் அந்த வகைதான். அதன் வழியில் வந்த, கையால் சுற்றும் பழைய கருவி ஒன்று நெய் காய்ச்சும் சித்தப்பா வீட்டுப் பரணில் இருந்தது. அதன் உள்ளே இருக்கும் தட்டுகளை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்தாகிவிட்டது. ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது; அதே அளவில் உணவுத்தர வளையம் கிடைத்ததும் முதலில் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்து, பிறகு பாலை ஊற்றப்போகிறேன்.