இரண்டாவது ஆங்கிலப் பாடம்

2023 ஏப்ரல் கடைசி வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் முனகியது. பல்கலைக்கழக விண்ணப்பத்தின் நிலை மாறியிருக்கிறது, போர்ட்டலில் பார்க்கவும் என்று மின்னஞ்சல். ஈரக்கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு திறந்தேன். நாலே வரி. இந்த ஆண்டு இடம் தர இயலவில்லையாம், வருந்துகிறார்களாம். ஏன் என்பதற்கு ஒரு சொல் இல்லை.

கல்யாணமாகி தென் கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது என் கையில் இருந்தது பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் பக்கத்திலிருந்த கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தேன். கோவில்பட்டியில் அத்தைக்கு இதை விளங்கவைக்கப் பட்ட பாடு! "ஏம்மா, பத்தாவது பெயிலான புள்ளைங்க தையலு, ஏசி மெக்கானிக்கு படிக்கிற எடந்தானே அது?" என்றார்கள். நம்மூர் சமுதாயக் கல்லூரியை நினைத்துக்கொண்டு கேட்டது, அவர்கள் மேல் தப்பில்லை. இங்கே கணக்கு வேறு. முதல் இரண்டு வருடப் பட்டப்படிப்பை இதில் முடித்துவிட்டு மூன்றாம் வருடத்துக்கு யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கோ, கால் ஸ்டேட் எனப்படும் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ மாறிக்கொள்ளலாம். 1960இல் மாநிலம் போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே இந்தப் பாதை இருக்கிறது. இப்படி 116 கல்லூரிகள். பாடத்தின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள்; உள்ளூர்க்காரருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். வீட்டுக் கடனையும் கட்டிக்கொண்டு நான் படித்ததற்கு அந்த 46 டாலர்தான் காரணம்.

மூன்று வருடம் இழுத்துப் பறித்துப் படித்தேன். ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, நாலுக்கு 3.6. சமூகவியலுக்கு ஒரே ஒரு யூசி வளாகத்துக்கும் ஒரு கால் ஸ்டேட்டுக்கும் விண்ணப்பித்தேன். கார் ஓட்டிப் போய்ப் பையன் பள்ளி விடுவதற்குள் திரும்பிவிட வேண்டுமே, அதற்குமேல் எங்கே போடுவது? கால் ஸ்டேட்டில் கிடைத்துவிட்டது. யூசியில் இல்லை. அன்றிரவு இவர், "அதான் ஒண்ணுல கெடச்சிருக்கே, விடு" என்றார். விட்டிருப்பேன். ஆனால் ஏன் என்று தெரியாமல் விட மனசு வரவில்லை.

திங்கட்கிழமை, பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்களுக்கு வழிசொல்லும் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலரைக் கல்லூரியில் போய்ப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்த மெக்சிகோக்கார அம்மா. ஆறுதல் எல்லாம் சொல்லவில்லை. "நீ அனுப்பின அப்ளிகேஷனோட பிடிஎஃப் இருக்கா?" என்றார். அதைத் திரையில் விரித்து, பென்சில் முனையால் ஒவ்வொரு பாடமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். யூசிக்கு மாறுகிறவர்களுக்குக் குறைந்தபட்சம் இத்தனை என்று உண்டு: 60 செமஸ்டர் யூனிட், அதற்குள் ஏழு பாடங்கள். இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம், ஒரு கணக்கு, மற்ற துறைகளில் நாலு. எல்லாம் இலையுதிர் காலத்தில் சேர்வதற்கு முந்தைய வசந்தப் பருவத்துக்குள், அதாவது வருடத்தின் முதல் பாதியில் நடக்கும் பருவத்துக்குள், முடிந்திருக்க வேண்டும். கணக்கு இருந்தது. நாலும் இருந்தது. ஆங்கிலத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. ஒன்றுதான் இருந்தது.

"ரெண்டாவது எங்கே?"

"இப்போ படிச்சிட்டிருக்கேன் மிஸ், வேற காலேஜ்ல."

"அது இதுல இல்லையே."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் கல்லூரியில் வசந்தப் பருவத்துக்கு மாலை வகுப்பாகப் பதிந்திருந்த இரண்டாவது ஆங்கிலத்தை, ஆள் சேரவில்லை என்று ஜனவரி முதல் வாரம் ரத்து செய்துவிட்டார்கள். விண்ணப்பம் போட்டவர்கள் இலையுதிர் பருவத்து மதிப்பெண்களையும் பாட மாற்றங்களையும் ஜனவரி 31க்குள் ஏற்றியாக வேண்டும். பையனின் நீச்சல் வகுப்புக்கு வெளியே, காரில் உட்கார்ந்து போனிலேயே அதைச் செய்தேன். ரத்தான பாடத்தைப் பொறுப்பாக நீக்கினேன். பிப்ரவரியில் பக்கத்து ஊர்க் கல்லூரியில், தாமதமாகத் தொடங்கும் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் இடம் கிடைத்தது. மூன்று யூனிட், 138 டாலர் கட்டிச் சேர்ந்தேன். அதை யூசிக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. கல்லூரி அனுப்பும் கடைசி டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், தானாகத் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் கண்ணில் நான் குறைந்தபட்சத் தகுதியையே முடிக்கப் போகாதவள். என் நாலு கட்டுரையைப் படித்து உருகியிருந்தாலும் அவர்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கால் ஸ்டேட்டில் நான் தப்பித்தது, அங்கே அப்போது இரண்டாவது ஆங்கிலத்துக்குப் பதில் தத்துவத்துறையின் தர்க்கப் பாடமே போதுமாக இருந்தது, அதை முன்பே முடித்திருந்தேன் என்பதால்.

"அப்பீல் பண்ணு," என்றார். "உன் கேஸ்ல பண்ணலாம்."

அந்த 'உன் கேஸ்ல' முக்கியம். யூசி மேல்முறையீடு என்பது விடைத்தாளை மறுபடி திருத்தச் சொல்வது போல அல்ல. முதல் விண்ணப்பத்தில் இல்லாத, முடிவை மாற்றக்கூடிய புதுத் தகவல் இருந்தால்தான் எடுத்துப் பார்ப்பார்கள். என்னோடு படித்த பையன் ஒருவன் நல்ல மார்க் வைத்திருந்தான். அவனையும் வேறொரு வளாகம் தட்டிவிட்டது. நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் தெரியுமா என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினான். முடிவில் மாற்றமில்லை என்று வந்துவிட்டது. அவனிடம் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை, அவ்வளவுதான். வளாகத்துக்கு வளாகம் விதியும் கெடுவும் வேறு. நான் போட்ட வளாகத்தில் ஒரே ஒரு தடவைதான், போர்ட்டல் வழியாகத்தான், மாணவரே எழுத வேண்டும், சிபாரிசுக் கடிதம் செல்லாது.

ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். மூன்று பக்கம். கல்யாணம், பிரசவம், பன்னிரண்டு வருடம் விட்டுப்போன படிப்பு, அத்தையின் தையல் மெஷின் வரைக்கும் வந்துவிட்டது. எழுதி முடித்தபோது எனக்கே அழுகை. மறுநாள் கவுன்சிலர் அம்மா முழுசாகப் படித்தார். பிறகு முதல் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு, இரண்டாம் பக்கத்துக்கு ஒரு கோடு. "இதெல்லாம் ஏற்கெனவே உன் கட்டுரைகள்ல இருக்கு" என்றார். உண்மைதான். 350 சொல்லுக்கு மிகாமல் நாலு கட்டுரை எழுதியிருந்தேன், ஒன்று விடாமல் இதே கதை. மூன்றாம் பக்கத்தின் நடுவில் புதைந்து கிடந்த ஒரு வரியைச் சுற்றி வட்டம் போட்டார். அந்த வகுப்பு ரத்தான வரி.

கடைசியில் போனது ஏழு வரி. ஜனவரியில் திருத்தியபோது நான் ஒரு பாடத்தை நீக்கினேன், அதற்குப் பதில் எடுத்ததைச் சேர்க்கத் தவறினேன், தவறு என்னுடையது. அசல் வகுப்பு இன்ன தேதியில் ரத்தானது. மாற்று வகுப்பு இன்ன கல்லூரியில், இன்ன எண்ணில், இன்ன தேதியில் முடிகிறது. இதுவரை என் மதிப்பெண் இது. இந்தப் பாடத்தோடு ஏழும் நிறைவாகிறது. மறுபரிசீலனை செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். கூடவே மூன்று இணைப்பு: ரத்து செய்ததாகக் கல்லூரி அனுப்பிய மின்னஞ்சல், பக்கத்துக் கல்லூரியில் என் பதிவைக் காட்டும் டிரான்ஸ்கிரிப்ட், எந்தக் கல்லூரிப் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று சொல்லும் அசிஸ்ட் தளத்தில், அந்தப் பாடத்தை யூசி ஏற்கிறது என்று காட்டும் பக்கம். அந்த மின்னஞ்சலைத் தேடத்தான் ஒரு சாயங்காலம் போயிற்று. குப்பைக் கோப்புறையில் தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே கிடந்தது.

எழுதும்போது உறுத்தியது 'தவறு என்னுடையது' என்ற இடம்தான். போனில் சரியாகத் தெரியவில்லை, கடைசி நேரத்தில் ரத்து செய்தார்கள் என்றெல்லாம் கை போனது. கவுன்சிலர் விடவில்லை. யார் தப்பு என்று அவர்கள் விசாரிக்கப் போவதில்லை, உன் தகுதி நிறைகிறதா என்றுதான் பார்ப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான். காரணம் சொல்லியே வளர்ந்த வீடு எங்களுடையது.

அனுப்பியபின் மூன்று வாரத்துக்கு மேல் சத்தமே இல்லை. ஜூன் 1க்குள் சேர்கிறேனா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். அப்பீலை நம்பிக் கையிலிருக்கும் இடத்தை விடாதே என்று இவர் சொன்னதால் கால் ஸ்டேட்டுக்கு முன்பணம் கட்டினோம். போனால் போகிற பணம். இதற்கிடையே ஆங்கில வகுப்பின் கடைசிக் கட்டுரையை நான் எழுதவே ஆரம்பிக்கவில்லை. அதில் சி கிரேடாவது வராவிட்டால் அப்பீலில் எழுதியதெல்லாம் வீண் என்று ஒரு ராத்திரி உறைத்தது. அதன்பிறகு போர்ட்டலைத் திறப்பதை நிறுத்திவிட்டு அதை எழுதினேன்.

மே கடைசி வாரம் பதில் வந்தது. இடம் உண்டு, நிபந்தனையோடு: அந்தப் பாடத்தில் சி அல்லது அதற்கு மேல் வேண்டும், இரண்டு கல்லூரிகளிலிருந்தும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் குறித்த தேதிக்குள் வந்து சேர வேண்டும். இவர் பால்கோவா வாங்கி வந்தார். அத்தை வீடியோ காலில், "அப்போ இப்பதான் நிஜ காலேஜா?" என்றார்கள்.

டிரான்ஸ்கிரிப்டை ஆர்டர் செய்யும் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, சின்னதாக ஒரு கட்டம் இருக்கும்: இந்தப் பருவத்து மதிப்பெண் ஏறும்வரை நிறுத்திவைத்து அனுப்பு. அதைக் கவனிக்காமல் விட்டால் மதிப்பெண் இல்லாத தாள்தான் போய்ச் சேரும். நான் டிக் போட்டேன். டிக் விழுந்திருக்கிறதா என்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.