பூதவாதியும் சமயவாதியா?

நாத்திகமும் ஒருவகை நம்பிக்கைதானே என்று யாரேனும் கேட்டால், மணிமேகலையின் 27-ஆம் காதைதான் எனக்கு நினைவுக்கு வரும். வஞ்சி நகரில் காப்பியத் தலைவி மணிமேகலை கேட்டறியும் சமயக்கணக்கர் (தத்தம் சமயக் கொள்கைகளை எடுத்துரைப்போர்) வரிசையில், சைவவாதி, வைணவவாதி முதலியோரோடு, கண்கூடாகக் காண்பதையன்றி வேறெதையும் ஏற்காத பூதவாதியும் (பொருள்முதல்வாதி) நிற்கிறான். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் (உய்த்தறிதலால்) அன்றி எவ்வாறு அறிவாய் என்று அவள் அவனை மடக்குகிறாள். (பௌத்தக் காப்பியத்தில் அவனுக்கு வெற்றி கிட்டாது என்பது வேறு.) ஆனால் அக்கேள்வி தாக்குவது, காட்சி மட்டுமே மெய் என்ற அவனது கொள்கையைத்தான், கடவுள் மறுப்பை அன்று, ஏனெனில் அவள் நாடிய பௌத்தமும் படைப்புக் கடவுளை ஏற்பதில்லை. அக்கொள்கையை நம்பிக்கை என்றால் ஒப்புக்கொள்வேன். சான்றின்றி ஏற்க மறுப்பதையும் அதே பெயரால் அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.