தெற்கு டைரோலில் ஒரு வினோதக் கூட்டணி

இத்தாலியின் வட எல்லையில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் தெற்கு டைரோல் தன்னாட்சி மாகாணத்தில் ஜெர்மன், இத்தாலியம், லடின் என மூன்று மொழியினர் வாழ்கிறார்கள். தலைநகரின் பெயர்ப்பலகையிலேயே ‘போட்சன்’, ‘போல்சானோ’ என்று இரண்டு பெயர்கள் இருக்கும். 2023 அக்டோபர் தேர்தலில், 1948 முதல் முதலிடத்தை விட்டுக்கொடுக்காத, ஜெர்மன் பேசுவோரின் தெற்கு டைரோல் மக்கள் கட்சிக்கு 35 இடங்களில் 13 மட்டுமே கிடைத்தன.

சபையில் ஒவ்வொரு மொழியினருக்கும் உள்ள பலத்துக்கேற்ப அமைச்சரவையிலும் இடம் தரவேண்டும் என்பது தன்னாட்சிச் சட்டத்தின் விதி என்பதால், ஜெர்மன் பேசுவோரின் கட்சி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இத்தாலிய உறுப்பினர்களைச் சேர்த்துக்கொண்டே ஆகவேண்டும். ஆனால் அக்கட்சியின் முதல்வர் அர்னோ கொம்பாட்சர் கைகோத்தது இத்தாலியப் பிரதமர் ஜோர்ஜா மெலோனியின் ‘இத்தாலியின் சகோதரர்கள்’ கட்சியோடு! ஜெர்மன் பள்ளிகளை மூடி, ஊர்ப்பெயர்களையும் மாற்றிய முசோலினி ஆட்சியின் ஆதரவாளர்கள் போருக்குப்பின் தொடங்கிய கட்சியில்தான் அதன் வேர்கள் இருக்கின்றன. முகம் சுளித்தவர்கள் ஏராளம். அதற்குப் பதில் இடதுசாரிச் சாய்வுள்ள ஜனநாயகக் கட்சியை அழைத்திருக்கலாம் என்றே எனக்கும் தோன்றியது. எனினும், தேய்ந்துபோன தன்னாட்சி அதிகாரங்களை மீட்க ரோமில் இருக்கும் மத்திய அரசின் தயவு வேண்டும் என்ற கணக்கே வென்றது.