நுரையீரலுக்குத்தானே இழுத்தேன், கை ஏன் நடுங்குது?

எனக்கு ஆஸ்துமா, ரொம்ப வருஷமா கூடவே இருக்கு. போன வாரம் ராத்திரி வீசிங் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு, மூச்சுக்குழாயைத் திறக்குற சால்பியூட்டமால் இன்ஹேலரை (ப்ளூ இன்ஹேலர்) ரெண்டு பஃப் அடிச்சேன், கொஞ்ச நேரத்துல மூச்சு லேசாச்சு, சரின்னு தண்ணி குடிக்க டம்ளரை எடுத்தா தண்ணி மேல சின்னச் சின்னதா அலை அடிக்குது. கை நடுக்கம். நெஞ்சும் படபடன்னு. இது தெரிஞ்ச விஷயந்தான், ஆனா அன்னைக்கு தூக்கமும் போயிடுச்சா, உக்காந்து இதையே நோண்டிட்டு இருந்தேன்.

முதல்ல ஒண்ணு, மருந்துக்கு கண்ணும் கிடையாது அட்ரஸும் கிடையாது. நாம இழுக்கிறதுல ஒரு பகுதிதான் நுரையீரலுக்குப் போகுது, மிச்சம் வாயிலயும் தொண்டையிலயும் படிஞ்சு வயித்துக்குள்ள போகுது, கடைசில ரெண்டு வழியாவும் ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்க சுத்தும். சுத்துற வழியில அதுக்குப் பொருந்துற ரிசப்டர், அதாவது செல்லுல மருந்து வந்து ஒட்டுற பொருள், எங்க இருக்கோ அங்கெல்லாம் ஒட்டும். சால்பியூட்டமாலுக்குப் பொருந்துறது பீட்டா 2ங்கிற ரிசப்டர். அது மூச்சுக்குழாயைச் சுத்தி இருக்கிற தசையிலயும் இருக்கு, கை கால் தசையிலயும் இருக்கு. ஒரே மாதிரி சுவிட்ச்தான், ஒரு ரூம்ல போட்டா ஃபேன் சுத்துது, இன்னொரு ரூம்ல லைட் எரியுது, வயரிங் வேற அவ்ளோதான். மூச்சுக்குழாய்ல தசை தளருது, கையில நடுக்கம் வருது. சைடு எஃபெக்ட்னு தனியா ஒரு வேலையை மருந்து செய்யறதில்ல (பல மருந்துல), அதே வேலையை நமக்கு வேண்டாத இடத்துல செய்யுது.

இப்படி ஒரு பொருள் செல்லுல இருக்கணும்னு 1905லயே கேம்பிரிட்ஜ்ல லாங்லின்னு ஒருத்தர் சொல்லிட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை இது. கோழியோட தசையில நிகோட்டின் வச்சா தசை சுருங்குது. சரி, நரம்பு வழியா நடக்குதோன்னு நரம்பை வெட்டி அது செத்துப்போற வரைக்கும் விட்டுட்டு திரும்ப வச்சுப் பார்த்தார், அப்பவும் சுருங்குது. அப்புறம் க்யூராரேங்கிற விஷத்தைப் போட்டார், நிகோட்டினோட வேலை தடைபட்டுது, ஆனா தசைக்கு நேரா கரண்ட் குடுத்தா சுருங்கத்தான் செய்யுது. அப்போ கோளாறு நரம்புலயும் இல்ல, சுருங்குற பாகத்துலயும் இல்ல, நடுவுல ஏதோ ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் நிகோட்டினும் க்யூராரேயும் அடிச்சுக்குதுன்னு முடிவு பண்ணினார். கண்ணால பார்க்காமலேயே!

அந்த 'அடிச்சுக்கிறது'தான் அடுத்த விஷயம். நடுக்கத்தைப் பத்தி ஆபீஸ்ல பேசிட்டு இருந்தப்போ ஒரு அண்ணன், எனக்கும் கை நடுங்கும்பா, ப்ரொப்ரனலால் சாப்பிடுறேன், சூப்பரா நின்னுடுச்சு, நீயும் டாக்டர்கிட்ட கேளேன்னார். நல்ல மனுஷன், ஆனா எனக்கு அது ஆகாத மருந்து. ப்ரொப்ரனலாலும் அதே பீட்டா ரிசப்டர்லதான் போய் உக்காரும், ஆனா எந்த வேலையும் செய்யாது, துண்டு போட்டு இடம் பிடிச்ச மாதிரி சும்மா உக்காந்திருக்கும், வேலை செய்ய வர்ற ஆளுக்கு இடம் கிடைக்காது. ஒட்டுறது வேற, ஒட்டி வேலை செய்றது வேற. முன்னதுக்குப் பேர் அஃபினிட்டி, பின்னது எஃபிகசி. ரெண்டும் இருந்தா அகோனிஸ்ட், ஒட்ட மட்டும் தெரிஞ்சா ஆன்டகனிஸ்ட். பாதி வேலைக்காரனும் உண்டு, பார்ஷியல் அகோனிஸ்ட், சொல்லப்போனா நம்ம சால்பியூட்டமாலே அந்த ஜாதிதான். ப்ரொப்ரனலால் பீட்டா 1 (இது முக்கியமா இதயத்துல இருக்கிறது), பீட்டா 2ன்னு பார்க்காம ரெண்டுலயும் உக்காரும், அதனால அவர் கையில நடுக்கம் நிக்கும், எனக்கு மூச்சுக்குழாய் இறுகும், அவசரத்துக்கு இன்ஹேலர் அடிச்சாலும் சரியா கேக்காது.

பூட்டு சாவி உதாரணம் எல்லாரும் சொல்றதுதான், எனக்கு அதுல பாதி திருப்திதான். சாவி போட்டா போட்டபடி இருக்கும், இங்க பெரும்பாலான மருந்து ஒட்டிக்கிட்டே இருக்காது, ஒட்டும், விடும், திரும்ப ஒட்டும். அதனால ரெண்டு மருந்து மோதினா யார் எண்ணிக்கையில அதிகம், யார் கெட்டியாப் பிடிக்கிறாங்கங்கிறதுதான் கணக்கு.

மில்லிகிராம் பார்த்து பவர் சொல்றவங்களுக்கும் இதுலயே பதில் இருக்கு. என் இன்ஹேலர்ல ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், அதே பீட்டா 2ல ஒட்டுற ஃபார்மோடெரால்ங்கிற இன்ஹேலர் மருந்துன்னா 6 இல்ல 12 மைக்ரோகிராமே போதும். குறைச்ச அளவுல வேலை நடக்குதுங்கிறது பொட்டன்சி, அதிகபட்சம் எவ்ளோ வேலை நடக்கும்ங்கிறது தனிக் கதை, ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது. அப்புறம் சால்பியூட்டமால் மாத்திரையும் இருக்கு, 4 மில்லிகிராம், அதாவது 40 பஃப் அளவு மருந்து. ரத்தம் வழியா சுத்திட்டு வந்து சேரணும்ல, அதான் அவ்ளோ. நான் சின்ன வயசுல அதைச் சாப்பிட்டுட்டு பரீட்சை எழுதினது ஞாபகம் இருக்கு, என் கையெழுத்தை நானே படிக்க முடியல.

பீட்டாவுல 1, 2ன்னு பிரிவு இருக்குன்னு கண்டுபிடிச்சதெல்லாம் 1967லதான். அதுக்கு முன்னாடி இருந்த ஐசோப்ரினலின் இன்ஹேலர் ரெண்டையும் சேர்த்துத் தட்டும், மூச்சு திறக்கும், கூடவே இதயமும் ஓடும். அதைப் பார்த்தா சால்பியூட்டமால் எவ்ளோவோ பரவாயில்ல. ஆனா பீட்டா 2 'மட்டும்'னு எந்த மருந்தும் சுத்தமா இல்ல, டோஸ் ஏற ஏற பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டத்தான் செய்யும்.

ஒண்ணு மட்டும் ரொம்ப நாளா புரியாம இருந்துச்சு. நடுவுல ரெண்டு மூணு மாசம் கண்ட்ரோலே இல்லாம தினம் நாலஞ்சு தடவை ப்ளூ இன்ஹேலர் அடிச்சுட்டு இருந்தேன், அப்போ கை நடுங்கவே இல்ல. உடம்பு பழகிடுச்சுன்னு சந்தோஷம் வேற. நடந்தது என்னன்னா, ஓயாம தட்டிட்டே இருந்தா செல் ரிசப்டரை மரத்துப்போக வைக்கும், அப்புறம் மேற்பரப்புல இருந்து உள்ள இழுத்துக்கும், எண்ணிக்கையே குறைஞ்சிடும். அப்புறம் டாக்டர் ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்கா எடுக்க வச்சார், ப்ளூ இன்ஹேலர் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைன்னு ஆச்சு. போன வாரம் டம்ளர்ல அலை அடிச்சப்போ கடுப்பாத்தான் இருந்துச்சு, உள்ள போன ரிசப்டரெல்லாம் திரும்ப வெளிய வந்து உக்காந்திருக்குன்னு அர்த்தம்னு விடியக்காலை மூணு மணிக்குத்தான் தோணுச்சு.