கெமிக்கல் படித்துவிட்டு அணுசக்தித் துறைக்கு வந்த கதை

"அணு உலை என்றால் பிசிக்ஸ், மெக்கானிக்கல் படித்தவர்களுக்குத்தானே அண்ணா, நமக்கு அங்கே என்ன வேலை?" கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் ஜூனியர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். எரிந்து முடிந்த எரிபொருளைக் கரைத்து, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுப்பது முழுக்க நம் வேலைதான்.

பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளி 1957-லிருந்து நடக்கிறது. பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வின் மதிப்பெண்ணோ, அவர்களே நடத்தும் ஆன்லைன் தேர்வோ நேர்காணல் வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். அதன்பின் எல்லாம் நேர்காணலில்தான்.

என் நேர்காணலில், பிடித்த பாடம் மாஸ் டிரான்ஸ்ஃபர் என்றேன்; ஒரு கலவையிலிருந்து இன்னொன்றுக்குப் பொருள் எப்படி இடம்மாறுகிறது என்பதைச் சொல்லும் பாடம் அது. நைட்ரிக் அமிலத்தில் கரைந்த யுரேனியத்தை டிரைபியூட்டைல் பாஸ்பேட் என்ற, யுரேனியத்தைப் பற்றிக்கொள்ளும் திரவம் கலந்த கரைப்பானுக்கு எப்படிக் கொண்டுவருவது என்று தொடங்கினார்கள். இரு திரவங்களுக்கும் இடையே யுரேனியம் எப்படிப் பங்கிடப்படும் என்று காட்டும் சமநிலைக் கோட்டைப் போர்டில் வரைந்து, எத்தனை முறை பிரித்தெடுக்க வேண்டும் என்று படிகளை எண்ணினேன். திரும்ப நீருக்கு எப்படி எடுப்பது? அமிலச் செறிவைக் குறைக்க வேண்டும். அதுவரை கல்லூரிப் பாடம்தான். அப்புறம் ஒருவர், உற்பத்தி கூட வேண்டுமென்றால் பெரிய தொட்டியாக வைத்துவிடலாமா என்றார். நான் யோசிப்பதைப் பார்த்து, உள்ளே புளூட்டோனியம் இருக்கிறது, நியூட்ரான் எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் எடுத்துக் கொடுத்தார். தொட்டி குண்டாக இருந்தால் நியூட்ரான்கள் உள்ளேயே சுற்றித் தொடர்வினையைத் தூண்டும். ஒல்லியாக, உயரமாக இருந்தால் கசிந்து வெளியேறிவிடும். அங்கே பாத்திரத்தின் வடிவமே பாதுகாப்பு என்று அன்றுதான் விளங்கியது. விடை தெரியுமா என்பதைவிட, குறிப்பு கிடைத்ததும் யோசித்துப் போகிறோமா என்றுதான் பார்க்கிறார்கள்.

மருத்துவப் பரிசோதனை, போலீஸ் விசாரணை முடிந்து ஓராண்டுப் பயிற்சி. 3 ஆண்டு பணியாற்றுவதாகப் பத்திரமும் எழுதித் தர வேண்டும். கல்பாக்கத்திலும் 2006 முதல் பயிற்சிப் பள்ளி உண்டு. அங்கே, வேகமான நியூட்ரான்களால் இயங்கும் வேக உலைகளைக் குளிர்விக்கும் திரவ சோடியம் பற்றிய பாடம் எனக்கு மிகவும் பிடித்தது. 98 டிகிரியில்தான் உருகும் என்பதால், நிரப்பும் முன் குழாய்களையெல்லாம் சூடேற்றியாக வேண்டும்.

ஹைட்ரஜனில் ஆர்வமுள்ளவர்களுக்கும் இங்கே இடமுண்டு. வெப்பத்தைக் கொண்டு நீரைப் பிரிக்கும் தாமிர-குளோரின் சுழற்சிக்குச் சுமார் 530 டிகிரி போதும். வேக உலைகளின் வெப்பம் அதற்கு ஏறக்குறைய பொருந்தும். சூடான ஹைட்ரஜன் குளோரைடையும் உருகிய தாமிரக் குளோரைடையும் தாங்கும் கலன்தான் பெரிய சவால். அதனால் அரிமானப் பாடத்தை மேலோட்டமாகப் படித்துவிட்டு வராதீர்கள்.