ராணி அறையை நசுக்கும் முன்

பெட்டியைத் திறந்ததும் அடையின் அடி ஓரத்தில், புது ராணி வளரும் ராணி அறை வேர்க்கடலை போலத் தொங்குவதைப் பார்த்தால், கூட்டம் பிரிந்து போகாமலிருக்கக் கட்டை விரலால் அதை நசுக்கிவிட்டுப் பெட்டியை மூடிவிடுவது தேனீ வளர்ப்பில் இருக்கும் பலருடைய பழக்கம். எனக்கு வேலை பழக்கியவர்களும் அதைத்தான் சொல்லித் தந்தார்கள். இப்போது என் பொறுப்பில் பெட்டிகளும், கூட வேலை பார்க்கும் இளைஞர்களும் இருக்கும்போது நான் அவர்களிடம் சொல்வது வேறு. கையை எடுங்கள், முதலில் அந்த அறைக்கு எத்தனை நாள் வயது என்று பாருங்கள், அப்புறம் பழைய ராணி இன்னும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் தெரியாமல் நசுக்கினால், ராணி ஏற்கெனவே பாதிக் குடும்பத்தோடு கிளம்பிப்போன பெட்டியில் அடுத்து வரவேண்டிய ராணிகளையும் நாமே கொன்றுவிட்டு வருவோம். அப்படி ராணியில்லாமல் போன பெட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாமே நல்ல வலுவான பெட்டிகள், அதுதான் வேதனை.

கூட்டம் பிரிவதை ஒரு கோளாறு மாதிரிப் பேசுவதையே நான் ஏற்றுக்கொள்வதில்லை. ராணி நாள் முழுக்க முட்டையிட்டாலும் அதனால் குடும்பத்தின் தலை எண்ணிக்கைதான் கூடும். ஒரு குடும்பம் இரண்டு குடும்பமாக வேண்டுமென்றால் அது பிரிந்துதான் ஆகவேண்டும். தேனீக்களுக்கு இனப்பெருக்கம் என்பதே இதுதான். நோஞ்சான் பெட்டி பிரியாது. நன்றாகப் பூத்து, மகரந்தம் குவிந்து, ராணி ஒரு நாளைக்கு 1,500 முட்டைக்கு மேல் இட்டு, இளம் தேனீக்கள் உட்கார இடமில்லாமல் நெருக்கியடிக்கும் பெட்டிதான் பிரியும். அதாவது நாம் பல மாதம் பாடுபட்டு உருவாக்க நினைத்த பெட்டியேதான். அதை அடக்கி வைப்பது நம் வேலை இல்லை என்று நினைக்கிறேன். அது தானாகப் பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால் நாமே பிரித்துவிடுவதுதான் வேலை, அந்தக் கொஞ்சம் முன்னால் எப்போது என்று கண்டுபிடிப்பதில்தான் திறமை எல்லாம் இருக்கிறது.

கணக்கு இது. ராணி அறைக்குள் இட்ட முட்டை 3 நாளில் பொரியும், 8ஆம் நாள் வாக்கில் அறை மெழுகால் மூடப்படும், 16ஆம் நாள் புது ராணி வெளியே வரும். பணித் தேனீக்கு 21 நாள், ஆண் தேனீக்கு 24 நாள். இது இத்தாலியத் தேனீயின் கணக்கு, இந்தியத் தேனீயில் சற்று முன்பின் இருக்கும், தவிர அது இன்னும் சுலபமாகப் பிரியும், சுலபமாகப் பெட்டியை விட்டே ஓடியும் போகும். பழைய ராணியோடு முதல் கூட்டம் கிளம்புவது பெரும்பாலும் முதல் ராணி அறை மூடப்படும் சமயத்தில். மழையோ குளிரோ இருந்தால் காத்திருக்கும், வெயில் தலைகாட்டிய முதல் நாள் முற்பகலில் கிளம்பிவிடும். நாலு நாள் மழை விட்டு வெயிலடிக்கும் காலையில் நான் வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்வதில்லை.

இதில் எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு. பிரியும் காலத்தில் வாரம் ஒரு முறை பார்த்தால் போதும் என்பார்கள், அது சரிதான், ராணி அறையின் தொடக்கமாகக் கட்டும் கிண்ணம் இன்று காலியாக இருந்து, அதில் நாளை முட்டை விழுந்தாலும் அடுத்த வாரம் நாம் வரும்போது அறை திறந்துதான் இருக்கும். ஆனால் நாம் அறைகளை நசுக்கிவிட்டால் இந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. பிரிய முடிவெடுத்துவிட்ட குடும்பம் மறுபடி முட்டையிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பொரிந்து ஒரு நாளான பணித் தேனீப் புழு ஒன்றின் அறையைப் பெரிதாக்கி அதற்கு ராணிக்கான உணவை ஊட்டினால் போதும், நாலைந்து நாளில் மூடப்பட்ட ராணி அறை தயார். நாம் ஏழாம் நாள் வருவதற்குள் கூட்டம் போயிருக்கும். நசுக்கியவர், போன வாரம்தானே எல்லாவற்றையும் எடுத்தேன் என்று திகைத்து நிற்பார். என்னிடம் வேலை பழகும் ஒரு தம்பி அப்படி வந்து நின்றான், “அண்ணே, ஒண்ணு விடாம எடுத்தேனே” என்றான். உண்மையாகவே எடுத்திருந்தான். அறைகளைத்தான் எடுக்க முடியும், அந்தக் குடும்பத்தின் எண்ணத்தை எடுக்க முடியாதே.

அந்த எண்ணம் எப்படி உருவாகிறது? ராணியின் உடலிலிருந்து வரும் ஒரு சுரப்பை அதைச் சுற்றி நிற்கும் தேனீக்கள் நக்கி, தொட்டு, கைமாற்றிக் குடும்பம் முழுக்கப் பரப்பும். ராணி இருக்கிறாள் என்ற செய்தி அதுதான். நெருக்கம் கூடினால் அந்தச் செய்தி ஓரத்துத் தேனீக்களைச் சரியாகச் சென்று சேர்வதில்லை. அதோடு, பெட்டியின் கீழ்த்தட்டான புழு அறையில், இளம் தேனீ வெளிவந்து காலியான கண்ணறைகளில் ராணி முட்டையிடுவதற்குள் பூக்களிலிருந்து மதுரத்தைக் கொண்டுவந்து நிரப்பிவிடுகிறார்கள். ராணிக்கு இடமில்லை, ஊட்ட வேண்டிய புழுக்கள் குறைகின்றன, ஊட்டும் வயதிலுள்ள இளம் தேனீக்களோ ஏராளம். ஆக மேலே தேன் அறையை வைத்துவிட்டேன், இடம் கொடுத்துவிட்டேன் என்று சொல்வது பாதிதான். நெருக்கடி மேலே இல்லை, கீழே ராணியைச் சுற்றித்தான் இருக்கிறது. தேன் நிரம்பிய சட்டங்களை, அதாவது அடை கட்டிய மரச்சட்டங்களை, புழு அறையிலிருந்து எடுத்துவிட்டுக் காலி அடையை வையுங்கள். தேன் அறையைத் தேனீக்கள் கேட்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே வைத்துவிடுங்கள். ராணி வயதானதாக இருந்தால் பருவத்துக்கு முன் மாற்றுங்கள், முதல் வருட ராணி இருக்கும் குடும்பம் பிரிவது குறைவு. இவ்வளவும் செய்தாலும் சில பெட்டிகள் பிரியத்தான் பிரியும், அதில் மனம் நோக ஒன்றுமில்லை.

பெட்டியைத் திறக்காமலேயே சிலவற்றைச் சொல்லிவிடலாம். ஆள் பலம் அதிகம், ஆனால் வாசலில் போக்குவரத்து திடீரென்று மந்தமாகிறது, பக்கத்துப் பெட்டிகள் மும்முரமாக இருக்கும்போது இது மட்டும் சோம்பி நிற்கிறது என்றால் நான் அதைத்தான் முதலில் திறப்பேன். உள்ளே, அடை கட்டப் புதிதாகக் கொடுத்த மெழுகுத் தாளில் கட்டாமல் அப்படியே விட்டிருப்பார்கள். ஆண் புழுக்கள் நிறைய இருக்கும். ராணி மெலிந்திருக்கும், பறக்க வேண்டுமே, அதனால் அதற்கு ஊட்டுவதைக் குறைத்து, ஓயாமல் உலுக்கி விரட்டி இளைக்க வைக்கிறார்கள். ஆக, புது முட்டை குறைந்து ராணி மெலிந்திருந்தால் நாள் எண்ண ஆரம்பித்துவிடலாம். அறைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள். அடையின் அடியிலும் ஓரத்திலும் பல அறைகள், வெவ்வேறு வயதில் இருந்தால் பிரியப் போகிறது. அடையின் நடுவே ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்தால், அநேகமாகப் பழைய ராணியை மாற்றிக்கொள்ளத் தீர்மானித்திருக்கிறார்கள், அதில் கை வைக்காதீர்கள், அவர்கள் உங்களுக்கு வேலையை மிச்சம் பிடித்துத் தருகிறார்கள். இப்படி ஒவ்வொரு அடையாகக் கழற்றிப் பார்க்க முடிவதே பெரிய விஷயம். அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் லாங்ஸ்ட்ராத் 1851இல் சட்டங்களுக்கும் பெட்டிக்கும் இடையில் சுமார் 6 முதல் 9 மி.மீ. இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை மெழுகால் அடைக்காமல் வழியாக வைத்துக்கொள்ளும் என்பதைப் பெட்டிக்குள் கொண்டுவந்திருக்காவிட்டால், நாம் இன்னும் கூட்டை அறுத்துத்தான் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டிருப்போம்.

சரி, முட்டையோடும் புழுவோடும் ராணி அறைகள் இருக்கின்றன, ராணியும் இருக்கிறது. என்ன செய்வது? பல முறைகள் உண்டு. 1892இல் டெமாரி என்ற அமெரிக்கத் தேனீ வளர்ப்பாளர் சொன்னதுபோல ராணியைக் காலி அடைகளோடு கீழே விட்டு, பணித் தேனீக்கள் மட்டும் நுழையக்கூடிய ராணித் தடுப்பைப் போட்டு, புழுச் சட்டங்களை எல்லாம் மேலே ஏற்றிவிடலாம். தேன் வரத்துக்கு அது நல்ல முறை, ஆனால் முதுகு உடையும், மேலே ஏற்றிய சட்டங்களில் புது ராணி அறை கட்டுகிறார்களா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். நான் அதிகம் செய்வது இன்னும் எளிது. பழைய ராணியைக் கண்டுபிடித்து, அது நிற்கும் சட்டத்தோடு, இளம் தேனீக்கள் வெளிவரப்போகும் புழுச் சட்டம் ஒன்றும் தேன், மகரந்தச் சட்டம் ஒன்றும் சேர்த்துச் சின்னப் பெட்டிக்கு மாற்றுவேன். அந்தச் சட்டங்களில் ஒரு ராணி அறைகூட இருக்கக்கூடாது, மூலை முடுக்கெல்லாம் பார்க்க வேண்டும். சின்னப் பெட்டி அதே தோட்டத்தில் இருக்கப் போகிறதென்றால் பறக்கும் தேனீக்கள் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், அதனால் இன்னும் இரண்டு சட்டத்து இளம் தேனீக்களை உள்ளே உதறிவிட்டு, வாசலைக் குறுக்கி வைப்பேன். இல்லையென்றால் பலமான பெட்டிகள் வந்து கொள்ளையடித்துவிடும். பழைய ராணி நம் கையில் இருப்பதால் தாய்ப்பெட்டியில் புது ராணி தவறிப்போனாலும் திரும்ப இணைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த முறை பிடிக்கும்.

தாய்ப்பெட்டியில் ஒரே ஒரு அறையை விடுங்கள். மூடிய அறையைவிட, உள்ளே வெள்ளை உணவில் புழு மிதப்பது கண்ணுக்குத் தெரிகிற திறந்த அறையைத் தேர்ந்தெடுங்கள், மூடியதற்குள் உயிர் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும். அந்தச் சட்டத்தின் மேல்கட்டையில் ஒரு குறி போடுங்கள், அதை உதறாதீர்கள், தலைகீழாகவும் பிடிக்காதீர்கள், புழு இடம் பெயர்ந்துவிடும். மற்ற சட்டங்களில் தேனீக்களை உதறிவிட்டு எல்லா அறைகளையும் எடுத்துவிடுங்கள். நசுக்குவதற்கு உரிய இடம் இதுதான். அப்புறம் சரியாக ஒரு வாரத்தில் வந்து, இடையில் இளம் புழுக்களிலிருந்து அவசரமாகக் கட்டிய அறைகளையும் எடுத்துவிடுங்கள். அதற்குள் புது ராணியாக்கும் வயதில் புழுவே இருக்காது என்பதால் கதை அதோடு முடியும். இந்த இரண்டாம் பார்வையைச் சோம்பல்பட்டு விடுபவர்களின் பெட்டியிலிருந்துதான் இரண்டாம் கூட்டம், மூன்றாம் கூட்டம் என்று கைப்பிடி கைப்பிடியாகப் பறந்துபோய் கடைசியில் ஒன்றுமே மிஞ்சுவதில்லை.

இரண்டாம் கூட்டம் வரப்போவதைக் காதால் கேட்கலாம். எனக்கு மூத்தவர் ஒருவர் அந்திப் பொழுதில் பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்கச் சொன்னார். முதலில் வெளிவந்த கன்னி ராணி அடையில் உடலை அழுத்தி ஒரு நீண்ட கூவலும் தொடர்ந்து குட்டைக் குட்டையான கூவல்களும் எழுப்புகிறது, இன்னும் அறைக்குள் அடைபட்டிருக்கும் ராணிகள் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கின்றன. பணித் தேனீக்கள் அந்த அறைகளைத் திறக்கவிடாமல் மெழுகு பூசிப் பூசி, சின்னக் கீறல் வழியாக ஊட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் மறுநாள் காலையே கிளம்பக்கூடும். எத்தனை வருடம் கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும்.

தப்பிப் போன கூட்டத்தைப் பிடிப்பது பற்றி எல்லோருக்கும் ஆர்வம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளையில் தொங்கும் கொத்து அங்கே நிரந்தரமாகக் குடியிருக்க வரவில்லை. வேவு பார்க்கும் தேனீக்கள் பொந்து தேடிப்போய்வந்து, கொத்தின் மேலேயே நடனமாடித் திசையும் தூரமும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 1949இல் ஜெர்மனியில் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டாவர், கொத்தின் மேல் ஆடும் தேனீக்கள் மகரந்தத்துக்குப் பதில் கரியும் செங்கல் தூசியும் படிந்திருப்பதைக் கவனித்துத்தான் இவை வீடு பார்த்துவிட்டு வருகின்றன என்று கண்டுகொண்டார். பின்னால் அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் சீலி, இத்தாலியத் தேனீயின் இனம் சுமார் 40 லிட்டர் கொள்ளளவும் சின்ன வாசலும் தரையிலிருந்து நல்ல உயரமும் உள்ள பொந்தை விரும்பும் என்று சோதித்துக் காட்டினார். அந்த அளவில் ஒரு காலிப் பெட்டியை, பழைய அடை ஒன்றை உள்ளே வைத்து உயரத்தில் கட்டிவைத்தால் பல கூட்டங்கள் தாமாகவே வந்துவிடும், ஏணி ஏற வேண்டியதில்லை. கிளையில் பிடிப்பதென்றால் கீழே பெட்டியைப் பிடித்து ஒரே உலுக்கு. ராணி உள்ளே விழுந்துவிட்டால் மற்றவை வாசலில் வயிற்றைத் தூக்கிச் சிறகடித்து மிச்சப் பேரைக் கூப்பிடும், அந்தி வரை அங்கேயே விட்டுவிட்டு இருட்டியதும் எடுத்துப் போங்கள். தேன் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பதால் சாதுவாக இருக்கும், ஆனால் இரண்டு மூன்று நாளாகப் பசியோடு தொங்கும் கூட்டத்தை அப்படி நம்பிவிடாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத கூட்டத்தைக் கொஞ்ச நாள் தள்ளியே வையுங்கள். புழு இல்லாத அந்த முதல் வாரத்தில் உண்ணிகள் எல்லாம் தேனீக்களின் உடல்மேல்தான் இருக்கும், மருந்து போட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

கடைசியாக, பிரித்த தாய்ப்பெட்டியைப் பற்றி. அறையிலிருந்து வந்த ராணி ஐந்தாறு நாள் முதிர வேண்டும், நல்ல வெயிலில் பறந்து இணைய வேண்டும், அப்புறமும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முட்டையிடும். பிரித்த நாளிலிருந்து மூன்று, நாலு வாரம் ஆகிவிடும், அதற்குள் பழைய புழுக்கள் எல்லாம் தேனீயாகி வெளிவந்து பெட்டி வெறிச்சென்று தெரியும். பதற்றத்தில் தினமும் திறக்காதீர்கள், இணையப் போன ராணி திரும்பும் நேரத்தில் பெட்டி திறந்து கிடந்தால் அது வழி தவறவும் கூடும். நாலு வாரம் கழிந்தும் முட்டை இல்லையென்றால் வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தைக் கொடுத்து மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ராணி அறை கட்ட ஆரம்பித்திருந்தால் ராணி இல்லை, பழைய ராணி இருக்கும் சின்னப் பெட்டியை இதோடு இணைத்துவிடலாம். கட்டவில்லையென்றால் ராணி உள்ளே எங்கோ இருக்கிறது, மூடிவிட்டு இன்னொரு வாரம் கொடுங்கள்.